செதில் எடுத்த மாப்பிள்ளை

சனிக்கிழமை காலை உடம்புச் சோதனைக்காக நிலக்கரிக் கொட்டிலின் முன்னால் நின்றவர்கள்: கங்காணி இராசதுரை, கிண்ணியா அன்ஸார், டவுன் பற்றிக், சல்லியில் மீன்பிடியை விட்டுக் கரி சுமக்க வந்த கனகசுந்தரம். அன்ஸாரைத் தவிர மற்ற மூவரும் சாறம் தொடையில் படாமல் முன்னால் தூக்கிப் பிடித்து, கால்களை அகட்டி நின்றார்கள்.

வியாழக்கிழமை ஒருவனுடைய கவட்டில் பேன் கண்டிருந்தார் துறைமுகத்தில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி. துறைமுகத்துக்குள் கரி சுமக்கிற எல்லோரும் அடிவயிற்றுக்குக் கீழே மழிக்க வேண்டும், மறுத்தால் பாஸ் இல்லை என்று உத்தரவு வந்தது. கும்பலுக்கு ஒரு சவரக்கத்தி. சவர்க்காரம் தரவில்லை. சண்டைக் கப்பல்கள் கரிக்குக் காத்து நின்றதால் மழித்த கையோடு கூடையைத் தூக்கினார்கள். வியர்வையோடு கரித்தூளும் இறங்கியது. மாலைக்குள் எரிச்சல், மறுநாள் மயிர்க்கால்தோறும் சிவந்த பரு.

கனகசுந்தரத்துக்குத்தான் மோசம். ஞாயிற்றுக்கிழமை நிலாவெளியில் அவனுக்கும் இரத்தினேஸ்வரிக்கும் கல்யாணம். சனி மத்தியானம் வெளியே போக லீவு கிடைத்திருந்தது. மாப்பிள்ளை துப்புரவாக இருக்க வேண்டுமென்று இரண்டாம் தரமும் இழுத்து, கல்யாணத்துக்கு வாங்கிய ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரை மேலே ஊற்றினான். அவன் போட்ட சத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போட வந்துவிட்டான் என்று பற்றிக் பதுங்குகுழிக்கு ஓடியதாக இராசதுரை சொல்லித் திரிந்தார்.

"நாங்க வழமையா வழிக்கிற ஆக்கள். தண்ணியில ஊறவெச்சி, மயிர் படிஞ்ச பக்கமா ஒருக்கா இழுத்தாப் போதும்," என்றான் அன்ஸார். "நீ மீனுக்குச் செதில் எடுக்கிற மாதிரி வாலில இருந்து தலைக்கு இழுத்திருக்கிறாய்."

"கத்தியைப் பிடிச்சா கை அப்பிடித்தான் போகுது," என்றான் கனகசுந்தரம்.

"மணவறையில சப்பாணி கட்டி இருக்க ஏலாது மச்சான். நிண்டுகொண்டே தாலியைக் கட்டு," என்றான் பற்றிக். கனகசுந்தரமும் சிரித்தான். சிரித்தாலும் எரிந்தது.

அப்போதிக்கரி சட்டைப் பையிலிருந்த லேஞ்சித் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நின்றே பார்த்தார். அன்ஸாருக்குப் பரு இல்லை. இராசதுரையும் பற்றிக்கும் குளித்து இரண்டு நாள்; அவர்களுடைய பருவைக் கரி மூடியிருந்தது. கனகசுந்தரம் மட்டும் விடியவே தேய்த்துக் குளித்திருந்தான். அவனிடம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"தொத்து நோய். பரு வத்துமட்டும் பழைய சாக்கு அறையில தனிய இருக்கட்டும், வெளியில விடேலாது."

"ஐயா, நீங்கள் வழிக்கச் சொன்னதால வந்த பரு. நாளைக்கு எனக்குக் கல்யாணம்."

"அதாலதான் சொல்லுறன்."

கங்காணி எவ்வளவோ கதைத்துப் பார்த்தார். தங்களுக்கும் அதே பருதான் என்று சாறத்தை அவிழ்க்கப் போனார். அப்போதிக்கரி அதற்குள் திரும்பி நடந்துவிட்டார். நிலாவெளிக்குப் போய்ச் சொல்லும் வேலை பற்றிக்கின் தலையில் விழுந்தது.

"என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டான்.

"காய்ச்சல் எண்டு சொல்லு. ஆனா அவளிட்ட மட்டும் உள்ளதைச் சொல்லு. வேற மாதிரிக் கதை போனா அவள் மணவறைக்கு வரமாட்டாள்," என்றான் கனகசுந்தரம்.

"அந்தப் பிள்ளையிட்ட இதை எப்பிடியடா நான் சொல்ல?"

"செதில் எடுத்த கதையாச் சொல்லு," என்றான் அன்ஸார். "சல்லி ஆக்களை அவவுக்குத் தெரியுந்தானே."

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கனகசுந்தரம் சிரித்தபடியே கால்களை அகட்டி, பழைய சாக்கு அறையை நோக்கி நடந்தான்.

வாசலில் அடுத்த கும்பல் வந்து நின்றது. அப்போதிக்கரியின் பியோன் அதே சவரக்கத்தியைக் காற்சட்டையில் துடைத்து முதல் ஆளின் கையில் கொடுத்தான். பிறகு கனகசுந்தரத்தை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டான்.