அரசாங்கத்துக்குப் பொரித்த மீன்

“நடுத்துண்டு ரெண்டையும் எடுத்துப் பொரி மக்கா. வாலு நமக்குப் போதும். வாசல்ல அரசாங்கம் வந்து இரிக்குது.”

மார்கிரெட் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். மருமகள் ரெஷ்மா சட்டியை அடுப்பில் வைத்த சத்தம் மட்டும் தாழ்வாக இல்லை.

“அது அரசாங்கம் இல்ல மாமி. ஸ்பெஷல் பிராஞ்சு போலீசாக்கும்.”

“போலீசு பின்ன யாருக்க ஆளு? கம்பெனிக்க ஆளா?”

ரெஷ்மா சட்டியில் எண்ணெயை ஊற்றினாள். எண்ணெய் காய்ந்தது.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அரசாங்கத்தின் பெயர் சதாசிவன். ஊர் பாறசாலை. சீருடை கிடையாது, அதட்டல் கிடையாது, வாய் நிறைய ‘அம்மச்சி’ என்று கூப்பிடும் பழக்கம் உண்டு. காரோடு ஊரில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்த அந்த வீட்டுக்கு அவர் இதற்கு முன்பும் வந்திருக்கிறார். வந்தபோதெல்லாம் மீன் தின்றிருக்கிறார்.

மார்கிரெட்டின் கணவர் யேசுவடியான் கடலில் போய்விட்டவர். ஒரே மகன் ஆன்சன் வளைகுடாவில் ஒரு மீன்பிடி லாஞ்சில் வேலை பார்த்தான். ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள் எஞ்சின் நின்றுபோய், லாஞ்சு நீரோட்டத்தில் இழுபட்டு அந்த நாட்டின் கடற்படைத் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டது. போர்க்கப்பல்களில் வரிசையாக விளக்கு. ஆன்சன் அதை மொபைலில் படமெடுத்து, “நம்ம மாதா பள்ளித் திருநாளு மாதிரி இல்லியாடீ?” என்று குரலும் பதிந்து ரெஷ்மாவுக்கு அனுப்பினான். அவன் குரல் கடைசியாக வந்தது அதில்தான். படம் எடுத்தது பயங்கரவாதச் சந்தேகம் என்று சொல்லி அந்த நாட்டார் அவனைச் சிறையில் பூட்டினார்கள்.

எந்தச் சிறை, என்ன குற்றம், வக்கீல் உண்டா என்று கேட்க வேண்டியது தூதரகம். தூதரகத்தைக் கேட்க வைக்க வேண்டியது தில்லி. தில்லியைக் கேட்க வைக்கும் பொறுப்பை ஏற்றவர் வார்டு மெம்பர் விஜயதாஸ்.

விஜயதாஸ் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மார்கிரெட்டைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போனார். மந்திரியிடம் மனு கொடுக்க வைத்தார். மனுவும் மறையாமல், தன் முகமும் மறையாமல் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அது முக்குக்கு முக்கு பிளக்ஸாக எழுந்தது. ‘ஆன்சனை மீட்போம்’ என்ற அந்த பிளக்ஸில் ஆன்சனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மந்திரி அன்று, “உடனே நடவடிக்கை உண்டு” என்றார். சொன்ன சொல் தவறவில்லை. சீக்கிரத்திலேயே நடவடிக்கை ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டது.

“எனக்கு எதுக்கு அம்மச்சி இதெல்லாம்?” என்றபடியே சதாசிவன் தட்டை வாங்கினார். “எனக்க வீட்டுக்காரி பம்பைக் கரையில செங்ஙன்னூர்க்காரி. ஆத்துமீன் தவிர ஒண்ணையும் அடுப்புல ஏத்த மாட்டா. நெய்மீன் கிட்டணும்னா இங்க வந்தாத்தான் உண்டு.”

“தின்னுங்க சாரே. எனக்க மவனுக்காக அலையுதிய.”

சதாசிவன் முள்ளைப் பக்குவமாக எடுத்து வைத்தார். “ஆன்சனுக்கு இந்தத் தாடி எப்போ இருந்து?”

“அது நேர்ச்சையாக்கும். இவளுக்கு ஒரு பிள்ளை தங்கணும்னு. குருசுமலை ஏறின பொறவுதான் எடுப்பேன்னு சொன்னான்.”

சமையலறையில் சட்டியின் சீற்றத்துக்கு நடுவே ரெஷ்மாவின் கை நின்றது.

“கூட்டுக்காரங்க?”

“அகில்தான். ஆரியங்கோட்டுப் பய. கல்ஃபுல ரெண்டு பேரும் ஒரே முறியில பாய் விரிச்சுக் கிடப்பு. இப்ப லீவுல வந்து நிக்கான். நீங்க அவனையும் கேளுங்க சாரே, ஆன்சனைப் பத்தி நல்லது சொல்ல அவனுக்கு ஒரு பகல் போதாது.”

“ஆரியங்கோட்டுல எங்க?”

வழியையும் மார்கிரெட்டே சொன்னாள். பஸ்ஸிலிருந்து எங்கே இறங்க வேண்டும், எந்த ரப்பர் தோட்டத்தின் ஓரமாக ஏற வேண்டும் என்பது வரைக்கும். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஆன்சனின் ஷீல்டை எடுத்து வந்தாள்.

பெருவெள்ளத்தின்போது வடக்கே பம்பைக் கரை முழுவதும் முங்கிக் கிடக்க, வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போன கடற்கரைப் பையன்களில் ஆன்சனும் ஒருவன். வெள்ளம் வடிந்ததும் மேடை போட்டு, சால்வை போட்டு, அதே மந்திரி கொடுத்த ஷீல்டு. ‘நாட்டைக் காத்த வீரனுக்கு’ என்று பொன் எழுத்து. மந்திரியின் பெயர் அதைவிடப் பெரிய பொன் எழுத்து.

“கரண்டு இல்ல, வழி தெரியாது, கூரைக்கு மேல வெள்ளம். இவன் ஒத்தைக்கு ஓட்டி ஆளுகளை ஏத்தினான் சாரே.”

“ராத்திரியிலயும் ஓட்டுவானோ?”

“கண்ணைக் கெட்டி விட்டாலும் ஓட்டுவான்!”

சதாசிவன் கை கழுவி, மீனைப் புகழ்ந்து, விடைபெற்றார். வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து வெகுநேரம் மொபைலில் தட்டிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா?” மார்கிரெட் ஜன்னல் வழியாக மருமகளுக்குக் காட்டினாள். “தில்லிக்கு அனுப்புதாரு.”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தில்லிக்குத்தான் போயிற்று.

ஒரு மாதம் போனது. முக்குக்கு முக்கு நின்ற பிளக்ஸ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. காற்று அடித்திருக்கும் என்று மார்கிரெட் நினைத்தாள். கடைசி பிளக்ஸும் போன மறுநாள் விஜயதாஸ் வந்தார். எப்போதும் முன்வாசலில் நாலு பேரோடு வருபவர், அன்று பின்பக்கத்து வாழைகளுக்கு நடுவே தனியாக வந்தார்.

“அம்மச்சி, விஷயம் முட்டிக்கிட்டு நிக்குது. எம்பஸி இதுல தலையிடாதாம். இங்க இருந்து போன ரிப்போர்ட்டு மோசமாக்கும்.”

“என்ன ரிப்போர்ட்டு?”

மந்திரி அலுவலகத்தில் வாசித்துக் காட்டியதை விஜயதாஸ் மேடைப் பேச்சுபோல ஒப்பித்தார்: “இரவில் அறிமுகமில்லாத நீர்ப்பரப்பிலும் தனியாகப் படகு செலுத்தும் திறன் உண்டு. அண்மையில் தாடி வளர்த்துள்ளார், காரணம் மதம். நெருங்கிய கூட்டாளி அகில் கண்காணிப்பில் வைக்கப்பட்டுள்ளார்.”

ராத்திரி வள்ளம், தாடி, அகில், எல்லாம் மார்கிரெட் தன் வாயால் சொன்னவைதான்.

ரெஷ்மா முன்னால் வந்தாள். “மெம்பரே, அவரு குற்றம் செஞ்சாரோ இல்லியோ, இந்த நாட்டு ஆளுதானே? ஒருத்தரு போய் அவரு முகத்தைப் பாக்காண்டாமா?”

“குற்றமில்லைன்னு தெரிஞ்சா போய்ப் பாப்பாங்க மோளே.”

“குற்றமில்லைன்னு தெரிஞ்சா அவரே பிளேன் ஏறி வந்திருவாரே! பொறவு எதுக்கு உங்க எம்பஸி, ஏர்போர்ட்டுல பூச்செண்டு கொடுக்கவா?”

விஜயதாஸ் வாழை இலையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நான் சொல்லப் போறதைத் தப்பா எடுக்கப்பிடாது. அந்த ஷீல்டு... அதுல மந்திரிக்க பேரு கிடக்குது. கொஞ்ச நாளைக்கு ஆளுக கண்ணுல படாம வச்சியன்னா நல்லது.”

அவர் வந்த வழியே போனார்.

அடுத்த நாள் வந்த பெண், பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தாள். நைட்டியில் ரப்பர் பால் கறை, தோளில் துவர்த்துத் துண்டு. படியில் ஏறவில்லை.

“ஆன்சனுக்க அம்மை நீங்களா? நான் விஜயம்மா, அகிலுக்க அம்மை. எனக்க மவனுக்க பேரைப் போலீசுக்குச் சொன்னது ஆரு?”

பொய் சொல்ல மார்கிரெட்டுக்கு நேரம் இருந்தது. ரெஷ்மா அவள் முகத்தையே பார்த்தாள்.

“நாந்தான். நல்லதுன்னு நெனச்சுச் சொன்னேன்.”

“நல்லதா? பாஸ்போர்ட்டை வாங்கி வச்சாச்சு. லீவு தீந்து, வேலையில வேற ஆளையும் எடுத்தாச்சு. பால் எடுக்கப் போற வழியில ஒருத்தியும் எனக்கு முகம் தாறதில்ல. அவன் கட்டிலை விட்டு எழும்புதில்ல, தெரியுமா?”

மார்கிரெட் கைகூப்பவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். விஜயம்மா முதலில் அதை வாங்கவில்லை. பிறகு வாங்கிக் குடித்தாள். குடித்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தச் சாரு எங்க வீட்டுக்கும் வந்தாரு,” என்றாள். “மரச்சீனிக் கிழங்கு அவிச்சுக் கொடுத்தேன். காந்தாரி மொளவு அரைச்சு, தேங்காயெண்ணெயும் விட்டு.”

“நான் நெய்மீன் பொரிச்சேன்,” என்றாள் மார்கிரெட்.

“அரசாங்கம்னு நெனச்சேன்.”

“நானும்.”

அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் விஜயம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இருவருக்குமே தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சதாசிவன் வந்தார். வேலிக்காலில், ரோட்டைப் பார்த்தபடி ஷீல்டு தொங்கிக்கொண்டிருந்தது. மந்திரியின் பெயர் வெயிலில் பளபளத்தது. பார்த்தும் பார்க்காதவர்போல உள்ளே வந்தார். வாசலில் வழக்கமான நாற்காலி. ஆனால் எதிரே மார்கிரெட்டும் விஜயம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நிலைப்படியில் ரெஷ்மா சாய்ந்து நின்றாள். மூக்குக்கு மீன் வாசனை எட்டவில்லை.

“இரிங்க சாரே,” என்றாள் மார்கிரெட். “பேரு?”

“என்ன அம்மச்சி, தமாசா?”

“பேரு சொல்லுங்க. எனக்கும் சிலது கேக்கணும்.”

“சதாசிவன்,” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

“வீட்டுக்காரிக்க ஊரு செங்ஙன்னூருன்னு சொன்னிய. வெள்ளத்துல அவ வீடு என்ன ஆச்சு?”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “மாடி வரைக்கும் முங்கிப்போச்சு. மாமனாரும் மாமியாரும் மொட்டை மாடியில நின்னாங்க.”

“ஆரு இறக்கினா?”

“வள்ளக்காரங்க.”

“பகலா, ராத்திரியா?”

“ராத்திரி.”

“வழி தெரிஞ்சவனா?”

சதாசிவன் வேலியில் தொங்கிய ஷீல்டின் பக்கம் திரும்பினார்.

“தாடி உண்டா அவனுக்கு?”

“கவனிக்கல்ல அம்மச்சி.”

“அவனுக்க கூட்டு ஆருன்னு உங்க மாமனாரு கேட்டாரா?” இது விஜயம்மா.

“அந்த நேரத்துல அதெல்லாம் ஆரு கேப்பா?” அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

“அதைத்தான் எழுதணும்,” என்றாள் மார்கிரெட். “நான் சொன்னதை ஒண்ணு விடாம எழுதினிய. இதையும் எழுதுங்க. எனக்க மவன் கள்ளனா நல்லவனான்னு நீங்க தீர்ப்புச் சொல்லாண்டாம். உங்க மாமனாருக்கு வள்ளம் போன மாதிரி, எம்பஸியில இருந்து ஒரு ஆளு அவன்கிட்ட போனாப் போதும். இப்பவே எழுதுங்க சாரே, எங்களுக்க முன்னால.”

மூன்று பெண்களும் காத்திருந்தார்கள். சதாசிவன் மொபைலை வெளியே எடுத்தார். திரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“இங்க மொபைலுக்கு ரேஞ்சு கிட்டாது அம்மச்சி,” என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், கையிலிருந்த மொபைலில் உரக்க மணி அடிக்க ஆரம்பித்தது.