குளித்துவிட்டு ஏறிய மலை

முதலியார்பேட்டைக்குள் வண்டி நுழைந்ததும் புருஷோத்தமன் தன் முகத்தையே எதிரில் பார்த்தார். பன்னிரண்டடி ஃபிளெக்ஸில் பின்னால் பனிமலை, முன்னால் வேட்டி சட்டையில் அவர். 'ஆல்ப்ஸ் சிகரம் தொட்ட எங்கள் அண்ணனே, வருக!'

"நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி பூர்ணிமா.

"ஊர்ல எறங்குனதும் ஆரம்பிச்சிடாத."

சிகரத்தை அவர் தொடவில்லை.

பூர்ணிமாவின் தம்பி செல்வகுமார் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டவன். 2007 கோடையில் அக்காவையும் மாமாவையும் வரவழைத்து, மாமாவும் தானும் போக இரண்டு நாள் மலையேற்றம் ஒன்றுக்கும் வழிகாட்டியோடு ஏற்பாடு செய்திருந்தான். புருஷோத்தமன் பர்வதமலைக்குப் பதினோரு முறை போய்வந்தவர். "செங்குத்துப் பாறையில அடிச்ச கடப்பாறைப் படி ஏறுனவனுக்கு இதெல்லாம் ஒரு மலையா?" என்று புறப்படுவதற்கு முன்பே கடைத்தெரு முழுக்கக் கேட்டுவிட்டார்.

முதல் நாள் குறையொன்றும் இல்லை. முள் வைத்த இரும்பைப் பூட்ஸில் கட்டிக்கொண்டு, இடுப்புக் கயிற்றோடு பனியாற்றைக் கடந்தார். மூவாயிரத்து எண்ணூறு மீட்டரில் இருந்த விடுதியை மாலைக்குள் அடைந்தபோது, வழிகாட்டியே முதுகில் தட்டிக் கொடுத்தான்.

மறுநாள் அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பாடு. அங்கேதான் தவறு நடந்தது. சாமி மலையோ சர்க்கார் மலையோ, தலைக்குக் குளிக்காமல் அவர் ஏறியதில்லை. விடுதியில் குழாய் கிடையாது. இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கினார், வெளியே போனார், இருட்டில் தலையில் ஊற்றிக்கொண்டார். தலை துவட்டுவதற்குள் முடி குச்சி குச்சியாக விறைத்து நின்றது. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டு வந்த வழிகாட்டி விளக்கைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே இழுத்துப்போய் நான்கு கம்பளிக்குள் சுருட்டிப் படுக்க வைத்துவிட்டு, செல்வகுமாரை மட்டும் கூட்டிக்கொண்டு போனான்.

உச்சியில் எடுத்த படத்தைச் செல்வகுமார் அவரிடமே கொடுத்திருந்தான். குல்லா, கறுப்புக் கண்ணாடி, முகத்தை மூடிய துணி. "மூக்குகூடத் தெரியல மாமா. நீங்கதான்னு சொல்லிக்குங்க."

அந்தப் படம் இப்போது சட்டைப் பையில் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஃபிளெக்ஸ் உண்மையாகிவிடும்.

வண்டி நின்றதும் பட்டாசு வெடித்தது. ஃபிளெக்ஸ் கடை ஸாகிப் ரோஜா மாலையோடு ஓடிவந்தார்.

"அண்ணே, உச்சியில எடுத்த படம் இருக்குமே? குடு. இத எறக்கிட்டு இருவதடியில போட்டுடலாம்."

புருஷோத்தமனின் கை பைக்குள் போயிற்று. படம் விரலில் பட்டது. இருபதடியில் செல்வகுமாரின் குல்லாவைத் தினமும் பார்த்துக்கொண்டே கடைத்தெருவுக்குப் போய்வர வேண்டும். பூர்ணிமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"நான் ஏறல, ஸாகிப்பு. படத்துல இருக்கறது மச்சான்."

பட்டாசுப் புகைக்குள் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். அவர் குளித்த கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

ஸாகிப் மாலையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "தண்ணி... வெந்நியா?"

"பச்சத் தண்ணி."

"அடப்பாவி! நம்ம ஊர்ல மார்கழியிலயே வெந்நி போடச் சொல்ற ஆளு நீ!"

சிரிப்பு எதிர்சாரி வரை போயிற்று. மாலையைப் பூர்ணிமா கழுத்தில் போடச் சொன்னார் ஒருவர். இந்த ஆளோடு கூட வாழ்வதற்காம்.

"ஏணி கொண்டாங்க," என்றார் புருஷோத்தமன். "நானே எறக்கறேன்."

மூங்கில் ஏணியில் அவர் நான்கு படி ஏறியதும், கீழே பிடித்துக்கொண்டிருந்த ஸாகிப் குரல் கொடுத்தார். "அண்ணே, குளிச்சிட்டு ஏறலியே?"

ரயிலும் விமானமும் காருமாக இரண்டு நாள் பயணத்தில் தலையில் தண்ணீர் படவில்லை.

"இல்லடா," என்றார் அவர், மேல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே.