கிரேன் எறிந்த பந்து

அவன் கால்பந்து அணியில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரன். கிரேன் என்றால்தான் மைதானத்தில் ஆள் தெரியும். பக்கக்கோட்டுக்கு வெளியே நின்று, இரண்டு கையாலும் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தான் என்றால், அது நேராகக் கோல் வாசலில் போய் இறங்கும்.

முன்பெல்லாம் கோச் அதற்கு விடவே மாட்டார். "அதெல்லாம் எங்க தாத்தா காலத்து ஆட்டம். பந்தைத் தரையில உருட்டி ஆடுங்கடா" என்பார். பிறகு, பெரிய பெரிய அணிகளே நீள எறிக்குத் திரும்பியிருப்பதை டிவியில் பார்த்தார். மறுநாளே நெட்டையான நாலு பேரைக் கோல் வாசலில் நிறுத்திவிட்டு, "போடு கிரேன், புகுந்து விளையாடு" என்றார். அதிலிருந்து அணிக்கு ஏறுமுகம்தான். அரையிறுதிவரை வந்துவிட்டார்கள்.

கிரேனுக்குத்தான் உறுத்தல். பக்கவாட்டில் ஓடி மேலேறி ஆடுவது அவனுக்கு உயிர். கோச் அதை நிறுத்திவிட்டார். மூச்சு வாங்கினால் எறிகிற கை நடுங்குமாம். இடது பக்கம் பந்து வெளியே போனாலும் அவன்தான் மைதானத்தைக் கடந்து நடந்துபோய், துண்டால் பந்தைத் துடைத்து எறிய வேண்டும்.

அரையிறுதியில் எதிரணிக் கீப்பர் அவனுடைய தங்கை கணவன். ஒரே கட்டடத்தில் அவர்கள் கீழ்மாடி, இவன் மேல்மாடி. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் தங்கை சீண்டினாள்.

"ஏண்ணே, நீ ஆடுறது ஃபுட்பாலா, ஹேண்ட்பாலா?"

"கோல் விழுந்தா சரிதானே?"

"நாளைக்கு விழாது மச்சான்," என்றான் கீப்பர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "அதுக்கு மருந்து வச்சிருக்கேன்."

"என்ன மருந்து மாப்ள?"

"நாளைக்குக் குடிச்சுப் பாருங்க."

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே முதல் எறி கிடைத்தது. கிரேன் வெறியோடு எறிந்தான். பந்து எல்லார் தலைக்கும் மேலே பறந்தது. கீப்பர் எம்பினான், பந்து எட்டும் தூரத்தில் வந்ததும் இரண்டு கையையும் சட்டென்று இழுத்துக்கொண்டான். பந்து வலைக்குள் விழுந்தது. கிரேனின் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கூத்தாடினார்கள். நடுவரோ கோல் இல்லை என்று கையசைத்தார். எறிந்த பந்து யார்மேலும் படாமல் நேராக வலைக்குள் போனால் கணக்கில் சேராது. கீப்பரின் விரல் நுனி பட்டிருந்தால்கூடக் கோல்தான். எதிரணி ரசிகர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிரேனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதன்பின் போட்டதெல்லாம் புஸ்ஸென்று போனது. வலைக்கு நேராக வந்ததைக் கீப்பர் விட்டுவிட்டான், மற்றதைக் குத்தித் தள்ளினான். இரண்டு பக்கமும் கோலே இல்லாமல் ஆட்டம் முடியப்போகும் வேளையில் இன்னொரு எறி கிடைத்தது.

"வாசல்ல போடுறா!" கோச் தொண்டை கிழியக் கத்தினார்.

மொத்தக் கூட்டமும் கோல் வாசலில் நெருக்கியடித்து நின்றது. தனக்கு முன்னால் புல்தரை காலியாகக் கிடப்பதைக் கிரேன் பார்த்தான். ஓங்கி எறிகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற தன் ஆளின் காலடியில் மெல்லப் போட்டான். திருப்பி வாங்கிக்கொண்டு ஓடினான். மூலைப்பக்கம் போய்த் தாழ்வாக உள்ளே உதைத்தான். அப்படியொன்றும் அழகான உதை இல்லை. எதிரணிக்காரன் ஒருவனின் முழங்காலில் பட்டுத் திரும்பி, கீப்பர் பாய்ந்ததற்கு எதிர்ப்பக்கமாக உருண்டு கோல் கோட்டைத் தாண்டியது.

கோச் கட்டிப்பிடித்துக்கொண்டே திட்டினார். "நான் என்ன சொன்னேன், நீ என்னடா செஞ்ச?"

வீடு திரும்பும்போது தங்கைதான் கார் ஓட்டினாள். பின்சீட்டில் கீப்பர் உம்மென்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பாதி வழியில் கிரேன் பக்கம் திரும்பினான்.

"உங்க கையையே பாத்துட்டு இருந்தேன் மச்சான். கால் இருக்கிறதே மறந்துபோச்சு."

"எனக்கே மறந்துபோச்சு மாப்ள."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் தங்கை. "நான் யாருக்காக அழுறது, யாருக்காகச் சிரிக்கிறது?"

அடுத்த பயிற்சியில் கிரேன் கோச்சிடம் நேராகவே கேட்டான். "எறியறேன் சார். ஆனா ஓடவும் விடணும்." கோச் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.

இறுதிப் போட்டியில் தோற்றார்கள். அன்று ஆட்டம் முழுக்க அவன் மேலும் கீழும் ஓடித் தீர்த்தான். மறுநாள் மாடிப்படி இறங்க, கீப்பர்தான் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.