கூரையில் நின்ற வைரவர்

மேனுஷா இந்த முறை அப்பாவிடம் ஒரு படத்தைக்கூடக் காட்டவில்லை. காட்டினால் அவர் "ஓம்" என்றுவிடுவார். அதுதான் அவளுடைய பயம்.

பத்மநாதன் எதற்கும் ஓம் சொல்கிற மனிதர். லண்டனில் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஏறுகிறவர் எதைக் கேட்டாலும் தலையாட்டிப் பழகியிருந்தார். போன மாரியில் மேனுஷா அவரைச் சோதித்துப் பார்த்தாள். பிராக் நகரத்துத் தேவாலயம் ஒன்றின் படத்தைக் காட்டி, "நீங்கள் கண்டது இது மாதிரியோ அப்பா?" என்றாள். "ஓம், இதுதான் போல கிடக்கு" என்றார். அடுத்த நாள் ஸ்பெயினில் உள்ள ஒன்றைக் காட்டினாள். "இதுவும்தான்."

அன்றிலிருந்து படம் கிடையாது. இணையத்தில் தேடவும் இல்லை. தான் பார்த்துவிட்டால் முகத்திலேயே தெரிந்துவிடும், அப்பா அதைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தாள். கவுன்சிலில் பார்க்கிங் பெர்மிட் பகுதியில் வேலை செய்கிறவள். மூன்று அத்தாட்சி இல்லாமல் எதையும் பதியாத பழக்கம் கைக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் குரொய்டனில் குடும்பக் கதை எழுதுகிற வகுப்புக்குப் போனாள். அங்கே பெர்னடெற் மிஸ் முதல் நாளே சொன்னது, கேள்விக்குள் பதிலை வைத்துக் கேட்காதே என்பதுதான்.

அந்த வகுப்புக்காகத்தான் அப்பாவின் கதையை எழுதினாள். 1993 மாசி மாதம், அப்பா உட்பட இலங்கையிலிருந்து தப்பி வந்த எட்டுப் பேரை, களவாக எல்லை கடத்துகிற ஏஜென்ட் ஒருவன் ரஷ்யப் பக்கமிருந்து ரயிலில் கூட்டிவந்து ஒரு மூன்றாம் மாடி அறைக்குள் பூட்டி வைத்தான். பதினேழு நாள். அது எந்த ஊர் என்று சொல்லவில்லை. "பேர் தெரிஞ்சால் பிடிபட்டவுடனை சொல்லிப்போடுவியள்" என்றானாம். ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரு காசு அளவு ஓட்டை. அதற்குள்ளால் பார்த்தால் தூரத்தில், உயரத்தில், ஒரு ஆள் கொடி பிடித்தபடி நின்றான். இரவும் பகலும் நின்றான். காற்று மாறினால் அவனும் திரும்பினான். காவலுக்கு வைரவர் நிற்கிறார் என்று கூட அடைபட்டிருந்த நண்பர் சண்முகராசா சொன்னாராம். தப்பிக் கரை சேர்ந்தால் வடைமாலை சாத்துகிறோம் என்று நேர்த்தியும் வைத்தாராம். பதினெட்டாம் நாள் எட்டுப் பேரையும் இருட்டில் இருபது நிமிடம் நடத்திப்போய்க் கப்பலில் ஏற்றினார்கள்.

வீட்டில் இது பகிடிக் கதை. "பட்டினி கிடந்தால் எனக்கும் கூரையில ஆள் தெரியும்" என்பாள் அம்மா சிவனேஸ்வரி. மேனுஷா சிரிக்கவில்லை. ஆனால் கட்டுரையின் அடியில் ஒரு குறிப்புப் போட்டாள்: கூரை மனிதர், அன்வெரிஃபைட். இன்னும் உறுதிப்படுத்தவில்லை என்று அர்த்தம்.

அப்பா அதைச் சமையலறை மேசையில் கண்டு வாசித்துவிட்டார். அடுத்த நாள் கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "அன்வெரிஃபைட் எண்டால், பொய் எண்டோ பிள்ளை?"

இல்லை என்று விளக்கினாள். விளக்க விளக்க அது பொய் என்று சொல்வது போலவே இருந்தது. முப்பது வருடமாக ஒருவரும் நம்பாத ஒன்றை மகளும் எழுத்தில் நம்பவில்லை. அதற்குப் பிறகு அப்பா அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அதனால்தான் இந்தக் கப்பல் பயணம். பால்டிக் கடலில் மூன்று துறைமுகங்கள். மூன்றும் ரஷ்யப் பக்கமிருந்து ரயிலில் வரக்கூடியவை. பெற்றோரின் முப்பதாவது திருமண நாளுக்குப் பரிசு என்று சொல்லிக் கூட்டிவந்தாள்.

முதல் ஊர் கிளைப்பெடா. எந்தக் கூரையிலும் ஆளில்லை. இரண்டாவது ரீகா. கோபுரத்து உச்சியில் சேவல் இருந்தது. பத்மநாதன் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேவல் முருகன்ரை. வைரவருக்கு நாய்." அவர் ஓம் சொல்லாதது அவளுக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

மூன்றாவது, கடைசி ஊர், எஸ்தோனியாவின் தாலின். மாலை நாலரைக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும்.

காலை பத்துக்கு இறங்கினார்கள். இந்த ஊருக்கு வாகனமே தேவையில்லை. துறைமுகத்திலிருந்து பார்த்தாலே மதிலும் சிவப்பு ஓட்டுக் கோபுரங்களும் தெரிந்தன. அந்த இருபது நிமிட நடையை அளக்க மேனுஷா கைபேசியில் நேரத்தை அழுத்திவிட்டு நடந்தாள். பருத்த வட்டக் கோபுரம் ஒன்றைத் தாண்டி உள்ளே போனால் ஒரு நீளமான தெரு. இரண்டு பக்கமும் மஞ்சளும் இளநீலமுமாக உயர்ந்த வீடுகள்; முகப்பில் சாமான் ஏற்றுகிற கொக்கிகள். தெரு எங்கும் உருண்டைக் கற்கள்.

"இந்தக் கல்லில நடக்கிறதுக்கோ ஆயிரக்கணக்கில குடுத்து வந்தனாங்கள்?" என்றாள் சிவனேஸ்வரி. "எங்கடை தோர்ண்டன் ஹீத்தில இப்பிடி ரோட்டு இருந்தால் நீ கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவாய்."

"அம்மா, இது அறுநூறு வருசப் பழசு."

"அப்ப திருத்தக் காலம் காணும்தானே."

தெரு ஓரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது. மேனுஷா அதைக் காட்டவில்லை. அப்பாவே அண்ணாந்து பார்த்தார். உச்சியில் ஆள் யாருமில்லை. அவர் குனிந்து கற்களைப் பார்த்துக்கொண்டு நடந்தார். சந்துகள் வந்தன. மேனுஷா ஒவ்வொன்றுக்குள்ளும் அவரை முன்னே விட்டுப் பின்னால் போனாள். ஒரு முற்றத்தில் யாரோ பியானோ பழகினார்கள். ஒரே இடத்தில் தவறித் தவறி மறுபடி தொடங்கினார்கள். ஒரு மாடி ஜன்னலில் பூனை. எல்லா வீட்டுக்கும் மூன்றாம் மாடி இருந்தது. எந்த ஜன்னலாகவும் இருக்கலாம், எதுவாகவும் இல்லாமல் போகலாம். எட்டுச் சந்து முடிந்தபோது தன் முறையே பிழையோ என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு படத்தைப் பார்த்திருந்தால் வீட்டிலிருந்தே முடித்திருக்கலாம். அப்பாவை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு வந்து மறுபடியும் பொய்யராக்கப் போகிறாளோ?

பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரிய சதுக்கத்துக்கு வந்தார்கள். சிவனேஸ்வரி ஒரு கல்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள். அவளை எழுப்பப் பத்மநாதன் கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அவளுடைய தலைக்கு மேலே, எதிர்ப்பக்கத்தில், எங்கோ உயரத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தொப்பியைக் கழற்றினார்.

கோயில் வாசலில்கூட யாராவது ஞாபகப்படுத்தித்தான் அவர் தொப்பியைக் கழற்றுவார். மேனுஷா திரும்பிப் பார்த்தாள். நகர மண்டபத்தின் ஒல்லிக் கோபுரம். அதன் ஊசி நுனியில் சின்னதாக ஒரு ஆள், கொடி பிடித்தபடி.

"பிள்ளை," என்றார். "அங்கை."

மேனுஷாவுக்கு அழுகை வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. அந்தச் சந்தேகத்தை அவளால் விழுங்க முடியவில்லை. "அப்பா, வழியில கடையள்ல இந்த ஆளின்ரை படம் ஏதும் கண்டனீங்களோ? மாக்னெற், போஸ்ட்கார்ட், அப்பிடி?"

பத்மநாதன் அவளைப் பார்த்தார். "நான் உன்ரை சப்பாத்தைப் பாத்துக்கொண்டெல்லோ வந்தனான்." தொப்பியால் கோபுரத்தைக் காட்டி, "நம்பாட்டில் சண்முகத்தைக் கேள்" என்றார்.

"ரொறன்ரோவில இப்ப விடிய அஞ்சு மணி."

"அவன் பேக்கரியில நாலுக்கே நிப்பான். எடு."

வீடியோ அழைப்பில் மா படிந்த ஒரு முகம் வந்தது. மேனுஷா கமெராவைக் கற்களின் பக்கமே திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மகள், இந்த நேரத்தில? கொப்பருக்கு ஏதும் சுகமில்லையோ?"

"சுகமா இருக்கிறார் அங்கிள். ஒரு கேள்வி. அந்த அறையில, ஓட்டைக்குள்ளால என்ன தெரிஞ்சது?"

"அந்த அறையிலயோ? என்ன தெரியிறது... முன்னுக்கு ரெண்டு புகைக்கூடு. நடுவில ஊசி மாதிரி ஒரு கோபுரம். அதுக்கு மேல கொடியோட கொப்பற்றை வைரவர்."

"அப்பான்ரை வைரவரோ? நேர்த்தி வச்சது நீங்களெண்டெல்லோ அப்பா சொன்னவர்."

"நானோ! நான் அந்த நேரம் கடவுளே இல்லையெண்டு சண்டை பிடிச்சுத் திரிஞ்சவன். கொப்பர்தான் ஒவ்வொரு நாளும் ஓட்டைக்கு முன்னால கும்பிட்டவர். நூற்றெட்டு வடை எண்டவர். ஐம்பத்தொண்டு காணும், ஏன் வீண் செலவெண்டு நான்தான் மறிச்சனான்."

மேனுஷா அப்பாவைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். அவள் கமெராவைக் கோபுரத்தின் பக்கம் உயர்த்தினாள். மா படிந்த முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

"ஐயோ," என்றார் சண்முகராசா. "அவர் இன்னும் இறங்கேல்லையோ?"

பத்மநாதன் சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்தது. கைபேசியை வாங்கி, "டேய், நிக்கிறாரடா, நிக்கிறார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அழைப்பு முடிந்ததும் சிவனேஸ்வரி கேட்டாள். "ஏன் சண்முகராசாவிலை சாட்டினனீங்கள்?"

"நான் எண்டு சொன்னால் இன்னும் சிரிப்பியள்."

அவள் எழுந்து போய், மண்டபச் சுவருக்குப் பக்கத்திலிருந்த அறிவிப்புப் பலகையைக் கண்ணைச் சுருக்கி வாசித்தாள். "இவருக்குப் பேர் தோமஸாம். நீங்கள் வேதக்காரருக்கெல்லோ வடைமாலை நேர்ந்திருக்கிறியள்!"

மேனுஷா மீதியை வாசித்தாள். வாசித்ததும் முகம் வாடியது. காற்றின் திசை காட்டுகிற இந்த உருவத்தை 1996இல் புதிதாக மாற்றியிருந்தார்கள். "அப்பா... நீங்கள் கண்டது இவரில்லை. இவருக்கு முதல் நிண்டவர்."

பத்மநாதன் யோசித்தார். "ஷிப்ட் மாறியிருக்குது" என்றார்.

"அப்ப ட்யூட்டியில நிக்கிறவரிட்டைக் குடுங்கோ," என்றாள் சிவனேஸ்வரி. "வைரவரோ தோமஸோ, சொன்னால் சொன்னதுதான். முப்பது வருசம் சும்மா காவல் வச்சிட்டியள்."

வடைக்கு எங்கே போவது? மேனுஷா கைபேசியில் தேடினாள். பக்கத்திலிருந்த ஒரே இந்திய உணவகம் மாலை ஐந்துக்குத்தான் திறக்கும். கப்பல் நாலரைக்கு. பத்து நிமிட நடையில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தை இருந்தது. அங்கே எண்ணெயில் பொரித்தது ஏதாவது கிடைக்கலாம் என்று போனார்கள். ஊறுகாய்ப் போத்தல்கள், புகையில் வாட்டிய மீன், கம்பளிக் காலுறைகள். பொரித்ததில் எல்லாம் இறைச்சி. மணி ஒன்றே கால். மேனுஷா மாற்று வழிகளை நோட்டில் எழுதி வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் கேட்டது.

"இஞ்சருங்கோ! இஞ்சை வாங்கோ! கட்டியே வச்சிருக்கினம்!"

ஒரு கடையின் கொக்கியில், நூலில் கோத்த சின்னச் சின்ன வளைய ரொட்டிகள் மாலை மாலையாகத் தொங்கின. பொன்னிறம், நடுவில் துளை. தேநீரில் தோய்த்துச் சாப்பிடுகிறது என்று கடைக்காரப் பெண் கையால் காட்டினாள். சிவனேஸ்வரி ஒன்றை முகர்ந்து பார்த்து, முட்டை சேர்த்ததா என்று கேட்க முயன்று, கோழி மாதிரிக் கையை அடித்துக் காட்டினாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்துத் தலையை ஆட்டினாள். ஓமோ இல்லையோ தெரியவில்லை.

"எத்தினை இருக்கு?" என்றார் பத்மநாதன்.

மேனுஷா எண்ணினாள். ஒரு மாலையில் முப்பத்தாறு. "மூண்டு எடுத்தால் சரியா நூற்றெட்டு." சொல்லிவிட்டு நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினாள். முப்பத்தாறுதான்.

சதுக்கத்துக்குத் திரும்பியபோது இரண்டு மணி. காற்று எழும்பியிருந்தது. பத்மநாதன் மூன்று மாலையையும் சேர்த்துப் பிடித்து, கோபுரத்தின் பக்கமாக இரண்டு கையாலும் உயர்த்தினார். சுற்றுலாக்காரர் சிலர் இது ஊர் வழக்கமாக்கும் என்று படம் பிடித்தார்கள். மேலே அந்தச் சின்ன ஆள் காற்றோடு மெல்லத் திரும்பினார். இவர்கள் பக்கம் என்று மேனுஷாவுக்குத் தோன்றியது. அவ்வளவு தூரத்தில் முகம் எந்தப் பக்கம் என்று சொல்ல ஏலாது என்பதையும் மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

பிறகு நூலை அறுத்துப் பகிர்ந்தார்கள். கல்படியில் இருந்த ஜப்பானியத் தம்பதிக்கு, குப்பைக் கூடை மாற்ற வந்தவருக்கு, தங்கள் கப்பலில் வந்த ஆறு பேருக்கு. மிச்சத்தை அம்மா பையில் போட்டாள். பத்மநாதன் எட்டு வளையங்களை மட்டும் கைக்குட்டையில் வைத்துக்கொண்டார்.

துறைமுகத்துக்கு நடக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பெயரைச் சொல்லிக் கடித்தார். சண்முகராசா. குருமூர்த்தி, இப்ப ஹவுன்ஸ்லோவில. நிருஜன்ரை தகப்பன். மேனுஷா நடந்தபடியே நோட்டில் எழுதினாள். அறை இருந்த தெரு என்ற வரி வெறுமையாகவே கிடந்தது. அப்பா ஜன்னலைத் தேடவுமில்லை, கேட்கவுமில்லை. பருத்த கோபுரத்தைத் தாண்டியபோது ஏழு பெயர் முடிந்திருந்தது. ஏழாவது அவருடையது.

எட்டாவது வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தப் பெடியன் பேர் சொல்லேல்லை. பதினேழு நாளும் கதைக்கேல்லை. கப்பலால இறங்கின உடனை எங்கையோ போயிட்டான்."

மேனுஷா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். "அப்ப என்ன எழுத?"

அவர் வளையத்தை இரண்டாக உடைத்து, பாதியை அவளிடம் நீட்டினார்.

"வைரவருக்கு நீ போட்ட அந்தச் சொல்லு இருக்கெல்லோ," என்றார். "அதை அவனுக்குப் போடு."