டீக்கன் படுத்துவிட்ட மதியம்

ரோடியோ என்னும் சவாரிப் போட்டியில் கைத்தட்டலெல்லாம் காளை மேல் எட்டு நொடி உட்கார்ந்திருப்பவனுக்குத்தான். யாருக்கு எந்தக் காளை என்று சீட்டுக் குலுக்கி, வரிசை எழுதி, நடுவர்கள் கிறுக்கித் தரும் மதிப்பெண்களைக் கூட்டி வாய் வலிக்க எல்லோருக்கும் பதில் சொல்வது நான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பதினான்கு வருஷமாகச் செயலாளர் வேலை. ஒலிபெருக்கியில் என் பெயர் ஒரே ஒருமுறை வந்தது, என் வண்டி வழியை மறித்து நின்றதற்காக.

ஆர்வெல்லாவின் பெயர் அப்படிக்கூட வந்ததில்லை. காளைகளை வளர்த்துக் கொண்டுவருவது அவள் குடும்பம். பின்பட்டியில் புழுதியோடு புழுதியாக நின்று காளைகளைப் பிரித்து அனுப்புவாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

அந்த ஜூலை மதியம் என் பட்டியலை வாங்கிப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"டீக்கன் காளையை ஏன் முதல்ல போட்டிருக்க? கூண்டுல ஏத்திக் காக்க வெச்சா அவன் படுத்துக்குவான், ட்வைலா."

"டீக்கன் டோபினுக்கு விழுந்திருக்கு. அவன் சாயங்காலம் கொலராடோவுல இன்னொரு ரோடியோவுக்குப் போகணும். சீக்கிரம் முடிச்சு விடுக்கான்னு கேட்டான்."

"தம்பிக்குன்னா வரிசை மாறுமோ?"

"அம்மா தாயே, காளையைப் பார்க்கிறது உன் வேலை. வரிசை என் வேலை. போறியா?"

போய்விட்டாள்.

போட்டிக்கு முன் கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் கோமாளியின் வேடிக்கை இழுத்துக்கொண்டே போனது. ஆளை ஏற்றி மைதானத்துக்குள் விடும் குறுகிய கூண்டுக்குள் டீக்கன் காத்திருந்தது. கடைசியில் டோபின் அதன் மேல் இறங்கிக் கையைக் கயிற்றில் இறுக்கிக்கொண்ட நேரம், அது முன்கால்களை மடக்கிப் பக்கவாட்டில் சரிந்து படுத்தது. எண்ணூறு கிலோ. டோபினின் கால் அதன் அடியில், விலா இரும்புக் கம்பிகளில்.

"அக்கா!" என்று அலறினான். நான் கூண்டுக்குப் பின்னால் பட்டியலோடு நின்றிருந்தேன்.

ஆண்கள் வாலை முறுக்கினார்கள், உதைத்தார்கள், கத்தினார்கள். டோபின் கத்திக்கொண்டே இருந்தான். காளை இன்னும் அழுத்தியது.

ஆர்வெல்லா ஓடி வந்தாள். "வாலை விடுங்கடா! எல்லாரும் வாயை மூடுங்க. ஸ்பீக்கர்ல போற பாட்டை நிறுத்தச் சொல்லு!"

முன்னால் இருந்த காலிக் கூண்டுக்குள் குதித்தாள்.

"ரெண்டு கூண்டுக்கும் நடுவுல இருக்கிற கதவைத் திற."

"உனக்குப் பைத்தியமா?" என்றான் கதவுக்காரன். "எந்திரிச்சா நேரா உன்மேலதான் வரும்."

"முன்னாடி வழி தெரிஞ்சாத்தான் எந்திரிப்பான். நான் மறிக்கலேன்னா பையனையும் சேர்த்து இழுத்துட்டு ஓடுவான். திறடா!"

கதவு நகர்ந்தது. ஓர் ஆள் அகலம்தான் அந்த இடம். அதில் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். கையில் ஒரு குச்சிகூட இல்லை.

"எந்திரி கண்ணு. மெதுவா. அவசரமே இல்ல."

டீக்கன் மூச்சை ஊதியது. பின்கால்களை ஊன்றியது. பிறகு முன்கால்கள். எடை விலகிய அந்தக் கணத்தில் மூன்று பேர் டோபினின் கையைக் கயிற்றிலிருந்து பிடுங்கி அவனை மேலே தூக்கினார்கள். காளை ஓர் அடி முன்னால் வந்தது. இன்னோர் அடி. அதன் நெற்றி அவள் நெஞ்சில் முட்டியது. அவள் பின்வாங்கவில்லை. உள்ளங்கையை அதன் நெற்றியில் வைத்து, "போதும்டா" என்றாள். நின்றது. அத்தனை பெரிய மிருகம் நின்றேவிட்டது. அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

அவள் கம்பியில் ஏறி வெளியே வந்தாள். கூண்டின் முன்பக்கத்து விளம்பரப் பலகைகள் மறைத்ததால் கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. டோபினைத் தூக்கிப் போனபோது அவன் கையசைத்தான். அதற்குத்தான் கைத்தட்டல்.

எலும்பு முறியவில்லை என்று மருத்துவ வண்டியில் சொன்னதும் அவளைத் தேடிப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு என்னோடது, ஆர்வெல்லா. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

"ஆமா, கேட்டிருக்கணும்."

"அது நிக்கும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது."

"பின்ன எப்படி உள்ள இறங்கின?"

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்போ உன் தம்பி கத்துறதை நிறுத்திட்டான், ட்வைலா."