பெரிக்லிஸ் துப்பியது

மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்து முடித்த மேனிஃபோல்டை, தன் கார் எஞ்சினின் புகைக்குழாய்த் தொகுப்பை, கம்பியில் தொங்கவிட்டுவிட்டு மிர்சினி ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள். நான்கு குழாய்கள் வளைந்து வந்து ஒரே வாயில் சேர்ந்தன. புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ அந்த வாயில்தான் உட்காரும். கரியும் துருவும் எண்ணெயும் போன இரும்பு, அப்போதுதான் குளிப்பாட்டிய குழந்தையைப் போல இருந்தது. ஆனால் தொடக்கூடாது. விரல் பட்ட இடத்தில் செராமிக் பூச்சு பிடிக்காது.

கிரீஸின் வோலோஸில் மலைப்பந்தயம் ஓடுகிற எந்தக் காரைத் திறந்தாலும் உள்ளே தெரியும் வெளுத்த சாம்பல் பூச்சு அவள் கைவேலைதான். பூசிய குழாய் சூட்டை வெளியே விடாது. புகை அதே கொதிப்போடு போய் டர்போவைச் சட்டென்று சுழற்றும். பக்கத்து ஒயர்களும் பிழைக்கும். ஊருக்கெல்லாம் பூசியவளுக்குத் தன் காருக்குப் பூச மட்டும் நேரம் வாய்க்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? போன வருடம் உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது ஒயர் உருகி எஞ்சின் நின்றது. கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள். ஊரே சாலையோரச் சுவரில் உட்கார்ந்து பார்த்தது. அந்த அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த முறை உச்சியைத் தொட்டே ஆகவேண்டும்.

நாளைக் காலை ஒத்திகை ஓட்டம். மதியத்துக்குள் பூசி, பூச்சைச் சுட்டு இறுக்கும் அடுப்பில் வைத்துவிட்டால் சாயங்காலம் காரில் மாட்டிவிடலாம். அடுப்பில் ஒன்றுக்கு மேல் கொள்ளாது. சாயங்காலம் அது பெரிக்லிஸின் முறை. அவனுக்குப் போன மாதமே வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவனே வந்து நின்றான், ஒரு கையில் குளிர்ந்த காப்பி, கக்கத்தில் தன் மேனிஃபோல்டு. போன வருடக் கோப்பை அவனுடையது. அடுத்தவர் காரைப் பார்த்தால் 'ம்' என்பதோடு சரி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

"வெல்டிங் நீயா வச்சே?"

"பின்ன, உன் மாமனாரா வந்து வச்சாரு?"

அவன் சிரிக்கவில்லை. மெதுவாகச் சுற்றி வந்தான். குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தான்.

"மிர்சினி, இப்படி ஒரு வேலைய நான் பாத்ததே இல்ல. என் கண்ணே பட்டுடும்போல" என்றான். "த்தூ, த்தூ, த்தூ!"

அழகான எதைப் பார்த்தாலும் திருஷ்டி படாமலிருக்க அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் சத்தத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பெரிக்லிஸுக்குப் பாராட்டிப் பழக்கமில்லை. எச்சிலும் சேர்ந்தே வந்துவிட்டது.

"ஐயோ, பாவி!"

வெற்று இரும்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று இடத்தில் துருவின் பழுப்பு பூத்தது.

"துடைச்சிட்டாப் போதாதா?"

"உன்னோடதுக்கு இப்படி ஆயிருந்தா, துடைச்சிட்டுப் பூசவா?"

 துடைத்துவிட்டுப் பூசினால் கண்ணுக்குத் தெரியாது. மலையில் குழாய் சிவக்கும்போது அந்த இடம் உரியும். உள்பக்கம் உரிந்த செதில் பறந்துபோய் டர்போவின் இறக்கையில் அடிக்கும். யார் வந்தாலும் அவள் பாடம் எடுக்கிற விஷயம் இது.

"மறுபடி மணல் அடிக்கணும், பிசுக்கு போகச் சுட்டு எடுக்கணும், பூசணும். சாயங்காலம் ஆயிடும். சாயங்காலம் அடுப்பு உனக்கு. அதுக்கப்புறம் வச்சா காலைக்குள்ள மாட்ட முடியாது." ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகை முட்டியது. அத்தனை ஆத்திரத்திலும் அவன் பாராட்டியது உள்ளே இனித்துக்கொண்டிருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெரிக்லிஸ் தன் மேனிஃபோல்டைத் திருப்பிப் பார்த்தான். பழைய பூச்சு பாதி உரிந்திருந்தது.

"நான் இதையே மாட்டிக்கிறேன். அடுப்ப நீ வச்சுக்கோ."

"ஒயர் உருகிடும்யா. நடுவழியில நிப்பே."

"நிக்கிறேன். துப்புனது என் வாய்தானே?"

"கோப்பை வேணாமா?"

"போன வருஷம் கொண்டுபோய்க் குடுத்தேன். என் பொண்டாட்டி அதத் தொடக்கூட இல்ல. 'மிர்சினி கார் நின்னுபோச்சாமே'ன்னுதான் கேட்டா. இந்த வருஷமும் அதக் கேக்கணுமா நான்?"

மிர்சினி புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவன் போகவில்லை. அவள் மணல் அடித்தபோதும், பூச்சைப் புகைபோலத் தெளித்தபோதும் வாசலிலேயே நின்றான். நன்றாக இருட்டிய பிறகு அடுப்பைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்தது வழவழப்பான நிலாச் சாம்பல். ஒரு புள்ளி குறையில்லை. தன் வேலையைப் பார்த்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

பெரிக்லிஸ் தன்னை மறந்து கிட்டே வந்தான். வாய் குவிந்தது. மிர்சினி கையை உயர்த்தினாள்.

அவன் வாசல்வரை பின்வாங்கினான். உரிந்த மேனிஃபோல்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைக் கழுத்தை இழுத்துப் பிடித்து, தலை குனிந்து தன் நெஞ்சின் மேலேயே மூன்று முறை துப்பிக்கொண்டான்.