மனைவி பெயர் தெரியவில்லை

எங்கள் ஆவடி வாடகை வீட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிரபு கைகூப்பி நிற்கிறார். செத்து அறுநூறு வருஷம் ஆகிறது. பக்கத்தில் அவர் மனைவி, அவள் காலடியில் ஒரு நாய்க்குட்டி. ஆளுயரக் காகிதத்தில் மூவரும் கரேலென்று இருப்பார்கள்.

இவர்களைக் குடிவைத்தவர் என் கணவர் கஜபதி. டாங்க் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். மகனைப் பார்க்க இங்கிலாந்து போனபோது எல்லோரும் அரண்மனையைப் பார்த்தோம். இவர் ஒரு பழைய சர்ச்சில் தரையைப் பார்த்தார். அங்கே செத்தவர்களின் உருவத்தைப் பித்தளைத் தகட்டில் வெட்டிக் கல்லறைமேல் பதித்திருந்தார்கள். அதன்மேல் காகிதத்தை விரித்துக் கறுப்பு மெழுகால் தேய்த்தால் உருவம் அப்படியே வந்துவிடும். காசின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான். இப்போது பல சர்ச்சுகளில் தேய்க்க விடுவதில்லையாம். அதனால் அந்தக் காலத்தில் யார் யாரோ தேய்த்து வைத்ததை இவர் இணையத்தில் தேடித் தேடி வாங்குகிறார். இதுவரை பதினான்கு பிணங்கள்.

மோர்மிளகாய் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது, நல்ல ஊட்ல பொணத்த மாட்டி வெச்சிகினு கீறீங்க?"

இவருக்கு ஆள் கிடைத்தால் போதாதா? பிரபுவின் பெயர், அவர் போட்ட சண்டை, நாயின் கழுத்துப்பட்டையில் வெட்டியிருந்த நாயின் பெயர் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"அந்தம்மா பேரு இன்னா சார்?"

இவர் முகம் சுருங்கிவிட்டது. "அதாம்மா தெரியல. அவங்க பேர் இருந்த துண்டு மட்டும் பேந்து போச்சு. சர்ச்சுக்கு மூணு லெட்டர் போட்டுட்டேன், பதில் இல்ல. பாவம், ஒரு பொம்பள வாழ்ந்திருக்கா, பேர்கூட இல்லாம போயிட்டாளே!"

குரல் தழுதழுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் அம்மா செத்தபோதுகூட இவர் குரல் இப்படித் தழுதழுக்கவில்லை.

அதே வாரம், நசரத்பேட்டையில் நாங்கள் கட்டியிருக்கும் புது வீட்டுக்குப் பெயர்ப்பலகை வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தசரதன் பட்டறையில் இவரே கூட நின்று செய்துகொண்டு வந்தார். கனமான பித்தளை. 'வே. கஜபதி, ஃபோர்மேன் (ஓய்வு)'. அவ்வளவுதான். ஓய்வுக்குக்கூட அதில் இடம் இருந்தது. குமணன்சாவடியில் இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து அந்த வீட்டில் பாதியைக் கட்டியவள் நான். கொத்தனாரோடு வெயிலில் நின்று கத்தியவளும் நான்தான். எனக்கு இடமில்லை.

"நம்ம பேர் நல்லா வந்திருக்கு இல்ல?" என்றார். நம்ம பேராம்!

சண்டை போடவில்லை. முப்பத்திநாலு வருஷமாகப் போட்டுப் பார்த்தாயிற்று. அவர் குளிக்கப் போனதும், இங்கிலாந்திலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருந்த கறுப்பு மெழுகுக் கட்டியை எடுத்தேன். மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பலகைமேல் திருப்பிப் போட்டுத் தேய்த்தேன். ஃபோர்மேன் பளிச்சென்று வந்தார். கொண்டுபோய்ப் பிரபுவின் மனைவிக்குப் பக்கத்தில் குண்டூசி குத்தி மாட்டினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் நின்றார். "யார் தேய்ச்சது இது? அழுத்தம் ஒரே மாதிரி இல்லையே." நிபுணர் அல்லவா.

"நசரத்பேட்டைப் பக்கத்து ஆளு," என்றேன். "இவருக்கும் ஒரு பொண்டாட்டி இருந்தாளாம். பேர்தான் தெரியலையாம். லெட்டர் போட்டுப் பாருங்களேன்."

துண்டு தலையிலேயே நின்றுவிட்டது. காலண்டர் தாளையும் அந்தம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். காபிகூடக் குடிக்காமல் பலகையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அம்பத்தூருக்கு ரயில் ஏறப் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு போன் வந்தது. பின்னால் பட்டறைச் சத்தம்.

"சரசா... தசரதன் கேக்குறான். நீ எம்.எஸ்ஸி.யா, பி.எஸ்ஸி.யா?"

நாயின் பெயர் மட்டும் மனப்பாடம்.

"எம்.எஸ்ஸி., பி.எட்.," என்று சொல்லிவிட்டு வைத்தேன். கண் கலங்கியது. கோபமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. கூடத்தில் அந்தம்மா கைகூப்பியபடியே நின்றாள். அவளுக்கு அறுநூறு வருஷமாகியும் ஒரு பதில் வரவில்லை. எனக்கு முப்பத்திநாலே வருஷத்தில் விசாரணை வந்துவிட்டது. நான் கொடுத்துவைத்தவள்.